யாருடைய சராசரி?

சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "அக்கா, கெடைக்குமா?"

படத்தில் இருந்தது எம்பிஏ படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில் அவன் வாங்கிய மதிப்பெண். 565. எந்த வணிகப் பள்ளி, முழுநேரமா பகுதிநேரமா, எம்பிஏ எதற்கு, ஒன்றும் இல்லை. ஓர் எண், ஒரு கேள்வி. சிராங்கூன் சாலைக் கிளி ஜோசியர் முன்னால் குந்தி, கிளி எந்தச் சீட்டை எடுக்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"சனிக்கிழமை தேக்கா வா, பேசலாம்" என்று பதில் போட்டேன்.

அவனைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. 2024 மார்ச்சில் நானும் இதே கேள்வியைக் கண்ணில் பட்டவரிடமெல்லாம் கேட்டு அலைந்தவள்தான். அப்போது என் கையில் இருந்தது 575. அவனைவிடப் பத்து மார்க் கூட, அவ்வளவுதான்.

அந்த நாளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேர்வு மையத்துக்குள் நுழைந்ததும் ஃபோன், கைக்கடிகாரம், பர்ஸ் எல்லாம் லாக்கருக்குப் போய்விடும். உள்ளங்கையை ஒரு சின்னக் கருவிமேல் வைக்கச் சொல்வார்கள். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய்களின் வடிவத்தை அது பதிந்துகொள்ளும், ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்க. எழுதிப் பார்க்கத் தாள் கிடையாது. லேமினேட் செய்த அட்டைக் கட்டு ஒன்றும் ஒரு மார்க்கர் பேனாவும் தருவார்கள். அந்தப் பேனாவில் 6 எழுதினால் 0 மாதிரி தெரியும். முதல் பத்து நிமிஷம் நான் கணக்கோடு மல்லுக்கட்டியதைவிடப் பேனாவோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம்.

தேர்வு மொத்தம் இரண்டேகால் மணி நேரம். குவாண்ட் என்ற கணக்குப் பகுதியில் 21 கேள்வி, வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதியில் 23, தரவுகளைப் படித்துப் பதில் சொல்லும் டேட்டா இன்சைட்ஸில் 20, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிஷம். எதை முதலில் எழுதுவது என்பது நம் இஷ்டம். தெம்பாக ஆரம்பிக்கலாமே என்று வெர்பலை முதலில் வைத்தேன், நன்றாகப் போயிற்று. குவாண்டில் ஒரு கணக்கை விட மனசில்லாமல் ஐந்து நிமிஷம் பிடித்துத் தொங்கினேன். அதற்கு அப்புறம் எல்லாமே ஓட்டம்தான். டேட்டா இன்சைட்ஸில் கடைசி மூன்று கேள்விகளைப் படிக்காமலேயே ஏதோ ஒன்றைத் தட்டினேன், முடிக்காமல் விட்டால் இன்னும் மோசமாகக் குறையும் என்பதால்.

முடித்ததும் திரையிலேயே மார்க் வந்துவிடுகிறது. மூச்சுவிட நேரம் தருவதில்லை. குவாண்ட் 74, வெர்பல் 84, டேட்டா இன்சைட்ஸ் 77. மொத்தம் 575 (மூன்றையும் கூட்டினால் வருவது இல்லை, அதற்குத் தனி அளவுகோல்). லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்தால் அம்மாவின் மெசேஜ்: "சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து, நான் போக நினைத்த பள்ளிகளின் வகுப்பு விவரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கண் நேராகப் போனது 'சராசரி ஜிமேட்' என்ற வரிக்கு. ஈசூன் வருவதற்குள் என் எம்பிஏ முடிந்துவிட்டது.

அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு, இரண்டு வேறு அளவுகோல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பழைய ஜிமேட் 2024 ஜனவரி 31ஓடு நின்றுபோனது. அது 200 முதல் 800 வரை, மார்க் எப்போதும் 0இல் முடியும். 2023 நவம்பரில் வந்த புதியது 205 முதல் 805 வரை, எப்போதும் 5இல் முடியும். கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே எந்தத் தேர்வு என்று தெரிந்துவிடும். பழைய 700க்குப் புதியதில் ஏறக்குறைய 645தான் நிகர். நான் பார்த்த பக்கங்களில் எல்லாம் பழைய எண்கள். என் 575ஐ அவர்களுடைய 670ஓடு ஒப்பிட்டு ஓர் இரவு தூங்காமல் கிடந்தேன். பழைய கணக்கில் என்னுடையது 620 பக்கம் வரும் என்று மறுநாள்தான் தெரிந்தது. இடைவெளி இன்னும் இருந்தது. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிற இடைவெளி இல்லை.

இரண்டாவது தப்பு 'சராசரி' என்ற சொல்லை நம்பியது. இந்தத் தேர்வை எழுதுகிற எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 550ஐ ஒட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் நான் பாதிக்கு மேலே. பள்ளி போடும் சராசரி ஏற்கெனவே சலித்து எடுத்தவர்களுடையது. அங்கே நான் கீழே. ஒரே எண், பார்க்கிற இடத்தைப் பொறுத்து மேலே கீழே போகிறது. இதைப் புரிந்துகொள்ளச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

2021க்கு முன்னால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய எல்லாரும் டி-ஸ்கோர் என்ற மூன்றிலக்க எண்ணைச் சுமந்தவர்கள். நாம் எத்தனை மார்க் வாங்கினோம் என்று அது சொல்லாது; அந்த வருஷம் எழுதிய மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்றுதான் சொல்லும். என்னுடையது 194. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டால் யோசிப்பேன், இதைக் கேட்டால் யோசிக்க மாட்டேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டே "எவ்ளோமா?" என்றார். சொன்னேன். "பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல"வுக்கு மேல்முறையீடு கிடையாது. இப்போது அந்த முறையை எடுத்துவிட்டு 4 முதல் 32 வரை என்று மாற்றிவிட்டார்கள். நல்லதுதான், எங்களுக்குக் கொஞ்சம் லேட்.

திரையில் 575 வந்தபோது எனக்குக் கேட்டது அந்த மாமாவின் குரல்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உயர்நிலைப் பள்ளிக்கு எங்களை எண்ணை வைத்து வரிசையில் நிறுத்தி இடம் ஒதுக்கினார்கள். அங்கே "கெடைக்குமா" என்று கேட்பதில் அர்த்தம் இருந்தது. போன வருஷ வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். எம்பிஏ விண்ணப்பத்தை ஓர் ஆள் உட்கார்ந்து படிக்கிறார். மார்க்கைப் பார்த்ததும் அவர் மனசில் ஒரு சந்தேகம் வருகிறது. அப்புறம் மீதித் தாள்களைப் புரட்டுகிறார், அந்தச் சந்தேகம் தீருகிறதா என்று. அது என்ன சந்தேகம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, படிக்கிறவருக்கே தெரியாது.

சதவீதம் என்றதும் ஞாபகம் வருகிறது. விண்ணப்ப ஆலோசனை தரும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கண்ணாடிச் சுவர், பெரிய திரை, நல்ல கோப்பி. என் விவரங்களைத் தட்டிவிட்டு, "உங்க வாய்ப்பு 38 சதவீதம்" என்றார் அந்த இளைஞர். எப்படி வந்தது 38 என்று கேட்டேன். "எங்க மாடல்" என்றார். மாடலில் என்னென்ன போடுவீர்கள்? சிரித்தார். கட்டணத்தைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோப்பி மட்டும் நன்றாக இருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு, இது நாமே போட்டு ஏமாறுவது. ஒரு பள்ளியில் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று பள்ளிக்கு விண்ணப்பித்தால் ஒன்றாவது கிடைக்க 66 சதவீதம் என்று வரும். தாளில் சரிதான். ஆனால் மூன்று இடத்துக்கும் போவது ஒரே ஆள், ஒரே மார்க், ஒரே கட்டுரை. முதல் பள்ளி எதைப் பார்த்துத் தயங்கியதோ அதையேதான் மற்ற இரண்டும் பார்க்கும். மூன்று தனித்தனி பகடை இல்லை இவை, ஒரே பகடையை மூன்று பேர் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் கோப்பைச் சரிசெய்வது பலன் தரும். விண்ணப்பக் கட்டணமும் மிச்சம்.

சனிக்கிழமை அவன் எனக்கு முன்பே வந்து மேசை பிடித்திருந்தான். தேக்காவில் சனிக்கிழமை மதியம் மேசை கிடைப்பது எந்த எம்பிஏவையும்விடக் கடினம். டிஷ்யூ பாக்கெட்டை வைத்து எனக்கும் இடம் போட்டிருந்தான். எதிரே ஒரு பெரியவர் தமிழ் முரசை மடித்து வைத்துக்கொண்டு தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தார். பிரியாணி வாங்கி வருவதற்குள் தம்பி ஃபோனில் ஓர் எக்செல் பட்டியலைத் திறந்துவிட்டான். பன்னிரண்டு பள்ளிகள், ஒவ்வொன்றின் சராசரி, அவனுடைய 565க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், சிவப்பு மஞ்சள் பச்சை. பச்சை ஒன்றுகூட இல்லை.

"மொத்தத்த விடு. மூணும் தனித்தனியா எவ்ளோ?" என்றேன்.

"குவாண்ட் 83, வெர்பல் 74, டேட்டா 77."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடையதை அப்படியே கவிழ்த்துப் போட்ட மாதிரி. அவன் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன், சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவன் விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு, "இவனுக்குப் புள்ளியியல் வருமா" என்ற கவலையே வராது. "வகுப்பில் வாயைத் திறப்பானா, எழுத வருமா, பாடமாகத் தரும் ஒரு தொழில் கேஸைப் பற்றி நாலு பேரோடு வாதாடுவானா" என்றுதான் யோசிப்பார். என்னைப் படித்தவருக்கு நேர்மாறு: பேசுவாள், எழுதுவாள், ஆனால் முதல் பருவத்தில் புள்ளியியலும் நிதியும் கணக்கியலும் சேர்ந்து வரும்போது தாங்குவாளா?

பத்து மார்க்தான் வித்தியாசம், அதற்குக்கூடப் பொருள் இல்லை. ஒரே ஆள் அடுத்தடுத்த வாரம் எழுதினாலும் இந்தத் தேர்வில் 30, 40 மார்க் ஏறி இறங்கும். 565உம் 575உம் நடைமுறையில் ஒன்றுதான். ஆனால் எங்கள் இருவருக்கும் வரும் சந்தேகம் வேறு வேறு. அவன் எக்செல்லில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

இந்தத் தேர்வு பிறந்ததே அந்தச் சந்தேகத்துக்காகத்தான். 1953இல் அமெரிக்க வணிகப் பள்ளிகள் சில கூடி, வருகிறவர்கள் பாடத்தைச் சமாளிப்பார்களா என்று முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொள்ள வழி தேடின. அடுத்த வருஷம் தேர்வு வந்தது. அப்போது பெயர்கூட ஜிமேட் இல்லை, 1976இல்தான் அந்தப் பெயர். முதல் வருஷப் பாடங்களைச் சமாளிப்பாரா என்று ஊகிக்க வந்த கருவி. நல்ல மேலாளர் ஆவாரா என்று அது எப்போதும் சொன்னதில்லை.

பள்ளிகளுக்கு வேறொரு காரணமும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் யூஎஸ் நியூஸ் பட்டியலில் மாணவர்களின் தேர்வு மார்க்கும் கணக்கில் சேர்கிறது. ஃபைனான்சியல் டைம்ஸ் உலகப் பட்டியலில் அது இல்லை. ஆக, எந்தப் பட்டியலை எந்தப் பள்ளி பெரிதாக நினைக்கிறது என்பதும் உங்கள் மார்க்கின் எடையைக் கொஞ்சம் மாற்றும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, தெரிந்துகொண்டால் போதும்.

"சரி, சராசரிக்குக் கீழ இருக்கறவங்க யாருக்குமே கெடைக்காதா?" என்றான்.

கிடைக்கும். சராசரி என்றாலே கீழே ஒரு கூட்டம் இருக்கத்தான் வேண்டும். பள்ளிகள் சராசரியோடு நடு 80 சதவீதத்தின் வீச்சையும் சில சமயம் போடும். அதுதான் பார்க்க வேண்டிய எண். புவன விஸ்தாவில் இருக்கும் இன்சியாட் வணிகப் பள்ளியை எடுத்துக்கொண்டால், பழைய கணக்கில் சராசரி 710ஐ ஒட்டி இருந்தது. அந்த வீச்சின் அடியைவிடவும் கீழே பத்துப் பேரில் ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அவருக்கு ஒரு காரணம் இருக்கும்: யாரும் வராத தொழிலிலிருந்து வந்திருப்பார், ராணுவத்தில் ஆட்களை நடத்தியிருப்பார், கணக்காளர் தேர்வுகளை முடித்திருப்பார், குடும்பத் தொழிலை ஒரு நாட்டிலிருந்து நாலு நாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். "கீழே இருந்தும் போயிருக்கிறார்களே" என்று நம்மைத் தேற்றிக்கொள்ளும்போது இதை மறந்துவிடக் கூடாது. வீச்சின் அடிக்கும் கீழே நிற்க ஒரு துருப்புச் சீட்டு வேண்டும். என்னிடம் இன்சியாட் அளவுக்குச் சீட்டு இல்லை. விண்ணப்பிக்கவும் இல்லை. அந்தப் படிப்புக்கு ஆகும் லட்சம் யூரோ சொச்சத்தை நினைத்தால் அது வருத்தமாகவும் இல்லை.

இங்கே நம் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. இந்திய ஆண், பொறியாளர், ஐடி வேலை என்றால் கூட்டம் அதிகம், அதனால் அதிக மார்க் வேண்டும் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பள்ளிகள் குடியுரிமையையும் பார்க்கும். இந்த ஊரின் முழுநேர எம்பிஏ வகுப்புகளில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். தேசியப் பல்கலைக்கழகமானாலும் நன்யாங் ஆனாலும் பிராஸ் பசாவில் இருக்கும் நிர்வாகப் பல்கலைக்கழகமானாலும் இதுதான் நிலவரம். ஈசூனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அங்கே அரிது. நாமோ அதைச் சொல்லவே கூச்சப்பட்டு, சென்னையிலிருந்து வருகிற பொறியாளரோடு நம்மை ஒப்பிட்டு மார்க்கை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். என் சந்தேகம் கணக்கு என்று தெரிந்த பிறகு மூன்று காரியம் செய்தேன். முதலாவது மறுபடி எழுதுவது. 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து தடவை வரை. மார்க்கைப் பார்த்த பிறகுதான் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறோம், அனுப்பாததைப் பள்ளி பார்ப்பதில்லை. ஆக, இன்னொரு தடவை எழுதுவதில் நஷ்டம் 300 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் காசும் மன உளைச்சலும்தான். என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன்: பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் தடித்த வழிகாட்டி ஒன்றை வாங்கி வந்து மூன்று வாரம் முக்கோணமும் வட்டமும் போட்டுக்கொண்டிருந்தேன். புதிய தேர்வில் வடிவியலே கிடையாது. அட்டையில் வருஷம் பெரிதாகத்தான் போட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை 615. குவாண்ட் 74இலிருந்து 79. அந்த ஐந்து, மொத்தத்தில் ஏறிய நாற்பதைவிட எனக்கு முக்கியம், ஏனென்றால் சந்தேகம் இருந்த இடம் அதுதான். மூன்றாவது தடவை எழுதவில்லை. பத்துக் கேள்வியைக் கூடுதலாகப் போட்டுப் பழகுவதைவிட அந்த வாரங்களை வேறு எதிலாவது போடலாம் என்று தோன்றியது. இது என் கணிப்பு. உங்களுக்குக் குவாண்ட் இன்னும் அடியில் இருந்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஜிமேட்டுக்குப் பதிலாகப் பல பள்ளிகள் ஏற்கும் ஜிஆர்இ தேர்வை எழுதலாமே என்று நாலு பேர் சொன்னார்கள். அதில் கணக்குப் பகுதி முழுக்கத் திரையில் கால்குலேட்டர் உண்டு, ஜிமேட்டில் டேட்டா இன்சைட்ஸில் மட்டும்தான். கணக்கில் தடுமாறி ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் தோதுதான். தம்பிக்கு அது உதவாது. ஜிஆர்இ வெர்பல் கடினமான சொற்களை வைத்தே ஆளைப் பிடிக்கும். வேலையில் ரொம்ப வருஷம் இருந்தவர்களுக்கு எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மெண்ட் என்ற சின்னத் தேர்வும் உண்டு. எல்லாப் பள்ளியும் ஏற்காது, கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரியம், ஹார்வர்டு வணிகப் பள்ளி இணையத்தில் நடத்தும் கோர் என்ற படிப்பை முடித்தது. பொருளியல், கணக்கியல், தரவுப் பகுப்பாய்வு மூன்றும் அதில் வரும். சான்றிதழைக் காட்டி வாய் அடைக்க முடியாது. ஆனால் சந்தேகப்படுகிறவர் கையில் ஒரு தாள் கூடுகிறது.

மூன்றாவதுதான் உண்மையில் வேலை செய்தது என்று நினைக்கிறேன். நான் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்தில் வந்து இறங்கும் பெட்டியை இத்தனை நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். இலவச நாள் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று டிமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். ஒரு வாடிக்கையாளரின் பெட்டிகள் மட்டும் எப்போதும் தாமதமாகும். எல்லாரும் லாரியைத் திட்டினார்கள். நான் எட்டு மாதத்துப் பட்டியலை உட்கார்ந்து நாள் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். தாமதமான பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்கள் அலுவலகத்திலிருந்து ஆவணம் வந்தது வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு மேல். சனி ஞாயிறு அப்படியே தூங்கும், திங்கட்கிழமை காசு ஓடிக்கொண்டிருக்கும். வியாழக்கிழமைக்குள் ஆவணம் தராவிட்டால் முதல் மின்னஞ்சல் அவர்களுடைய மேலாளருக்கே போகும் என்று மாற்றினேன். அடுத்த காலாண்டில் டிமரேஜ் பாதியாகக் குறைந்தது.

இது என் சுயவிவரத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. "அதெல்லாம் வேலைதானே" என்று விட்டிருந்தேன். பரிந்துரைக் கடிதம் கேட்டபோது என் மேலதிகாரி, இந்த ஊர் வழக்கப்படி, "நீயே எழுதிட்டு வா, சைன் போடறேன்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தேன். அவரே எழுதினார். ஆங்கிலம் சுமார்தான், ஆனால் அதில் எண்கள் இருந்தன.

விருப்பக் கட்டுரை என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள், மார்க் குறைவுக்கு விளக்கம் எழுதலாம். என் முதல் வரைவில் அப்பாவின் ஆஸ்பத்திரி, இரவு வேலை, பகுதிநேரப் பட்டம் எல்லாம் கண்ணீரோடு ஒரு பக்கத்துக்கு வந்தது. தோழி ஒருத்தி சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "பாவம்னு சொல்லி யாரும் சீட் குடுக்க மாட்டாங்கடி" என்றாள். கடைசியில் ஐந்து வாக்கியம். கணக்கில் குறைந்தேன், மறுபடி எழுதினேன், இந்தப் படிப்பை முடித்தேன், வேலையில் இதைச் செய்தேன். அவ்வளவு.

மூன்று பள்ளிக்கு விண்ணப்பித்தேன். ஒன்று நேர்காணலுக்கே அழைக்கவில்லை. ஒன்று காத்திருப்புப் பட்டியலில் போட்டது, இன்றுவரை காத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது அழைத்தது. ஜிமேட் பற்றி என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பேசிப் பழகியிருந்தேன். அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. இருபது நிமிஷம் வெள்ளிக்கிழமை ஆவணத்தைப் பற்றியே கேட்டார்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளவில்லையா? எட்டு மாதம் போதுமா, பருவ காலத்தால் வந்த மாற்றமாக இருக்காதா? இந்த இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

இடம் கிடைத்தது, பகுதிநேரத்தில். உதவித்தொகை கிடைக்கவில்லை. குறைந்த மார்க்கின் உண்மையான விலை பல சமயம் அங்கேதான் தெரியும். வீட்டுச் சாவி வாங்க வைத்திருந்த சேமிப்பில் கை வைத்தோம், அதைப் பற்றி வீட்டுக்காரரிடம் இன்னும் பேச்சு முடியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: முதல் பருவப் புள்ளியியலில் நான் திணறினேன். ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க நூலகத்தில் போயின. அழுதுகொண்டே பி கிரேடு வாங்கினேன். அந்தச் சந்தேகம் நியாயமான சந்தேகம்தான். 74 என்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி கடைசிக் கறித்துண்டை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டே, "அப்போ எனக்குக் கெடைக்குமா கெடைக்காதா?" என்றான். எதிரே இருந்த பெரியவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கும் பதில் வேண்டியிருந்தது போல.

"நீ பேசுவ, ஆள நடத்துவன்னு காட்ட என்ன இருக்கு ஒங்கிட்ட?"

யோசித்தான். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினான். தொழிற்சாலையில் இயந்திரங்களோடுதான் பேசுகிறானாம்.

"தேசிய சேவையில, ராணுவத்துல என்னவா இருந்த?"

"சார்ஜண்ட். தெக்கோங் தீவுல ரெக்ரூட்ஸுக்குப் பயிற்சி."

"எத்தன பேரு?"

"ஒரு பேட்சுக்கு ஐம்பது, அறுபது இருக்கும். அஞ்சு பேட்ச் பாத்தேன். சில பேரு அழுவானுங்க அக்கா, மொத வாரம். ராத்திரி ஒக்காந்து பேசிட்டு இருப்பேன்." இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி எலும்புக்குப் போனான்.

பதினெட்டு வயசுப் பிள்ளைகள் முந்நூறு பேரை அழாமல் தூங்கவைத்தவன், பேச்சுத்திறமைக்குச் சான்று இல்லை என்று உட்கார்ந்திருக்கிறான். வெர்பலை ஒரு தடவை மறுபடி எழுது, அது தனி என்று சொன்னேன். அதற்கு முன்னால், சேவை முடிந்தபோது தந்த சான்றிதழில் மேலதிகாரி எழுதிய குறிப்பு இருக்குமே, அது எங்கே?

"அம்மாகிட்ட இருக்கும். அலமாரி மேல பச்ச ஃபைல்."

சித்தியைக் கூப்பிட்டான். "ம்மா, அந்தப் பச்ச ஃபைல்ல என் சர்டிஃபிகேட் இருக்கும், ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு." சித்தி எந்தச் சர்டிஃபிகேட் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்டா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் படம் வந்தது. லேமினேட் செய்த தாள், ஓரத்தில் காற்றுக் குமிழி. 2009, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. நடுவில் மூன்று இலக்கம்.

"ஐயோ, இது இல்லம்மா" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். பிரியாணிக் கை படாமல், இடது கையின் இரண்டு விரலால் அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.